என்பினுள்ளே வழி தேடிய கதை



1881ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் திகதி காலை, ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் நகரின் புகையிரத நிலையமொன்றினுள் நடந்து சென்றுகொண்டிருந்தார். பின்புறமாக வந்த சார்ள்ஸ் கிற்றோ என்பவன் அவரை இருமுறை சுட்டான். ஒரு குண்டு கையை உராய்ந்து சென்றது. மற்றது முதுகிலே புகுந்து உடலுக்குள் எங்கோ தங்கிவிட்டது. அந்த ‘எங்கோ’ என்ற ஒரு சொல்லே அடுத்த பதினொரு வாரங்களும் ஒரு தேசத்தையே தூங்கவிடாது வைத்திருந்தது.

வைத்தியர்கள் கழுவாத விரல்களையும் உலோகக் கோல்களையும் காயத்தினுள்ளே விட்டுக் குண்டைத் தேடினார்கள். குண்டு அகப்படவில்லை, காயம் அழுகத் தொடங்கியது. அப்பொழுது தொலைபேசியைக் கண்டு புகழ்பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் தாமாகவே முன்வந்தார். மின்னோட்டம் செல்லும் இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றின் விளைவை மற்றது அழிக்குமாறு சமன்செய்து வைத்தால் தொலைபேசியிலே ஒலி எதுவும் கேளாது. அருகே ஓர் உலோகத்துண்டு வந்தால் அச்சமநிலை குலையும். காதிலே ஓர் இரைச்சல் எழும். கத்தியின்றி, தொடாமலே, உடலுக்குள் இருக்கும் ஈயக்குண்டின் இடத்தை அறியலாம் என்பது பெல்லின் எண்ணம். யூலை 26ஆம் திகதி ஒருமுறையும், ஓகஸ்ட் முதலாம் திகதி மறுமுறையும் அக்கருவியை நோயாளியின் உடல்மீது நகர்த்திப் பார்த்தார். இரண்டாம் முறை இரைச்சல் கேட்டது; ஆனால் ஓரிடத்தில் அன்று, பரந்த வெளியெங்கும் மெலிதாகக் கேட்டது. காரணம் பின்னரே தெரிந்தது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையின் கீழே உருக்குக் கம்பியாலாகிய இன்னொரு மெத்தை இருந்தது! அதுவுமன்றி, குண்டு வலப்பக்கத்திலேயே கிடக்கின்றது என்று தலைமை வைத்தியர் உறுதியாக நம்பியிருந்தமையால், இடப்பக்கத்தைத் தேடவே இடமளிக்கவில்லை. செப்டெம்பர் 19ஆம் திகதி கார்பீல்ட் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, குண்டு முதலாவது நாரி முள்ளென்பைத் துளைத்துச் சென்று இடப்பக்கத்திலே கிடந்தது.

என்பு முறிவுச் சத்திர சிகிச்சையைப் பற்றிப் பேச வந்தவன் ஜனாதிபதி கொலையைப் பேசுகின்றானே என்று எண்ணாதிருங்கள். குண்டை வெளியே எடுப்பதும் திருகாணியை உள்ளே செலுத்துவதும் எதிரெதிரான காரியங்கள்போலத் தோன்றினாலும், அவ்விரண்டின் அடியிலும் இருக்கும் கேள்வி ஒன்றுதான். தசையும் குருதியும் மூடிய ஓர் உடலினுள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை எவ்வாறு தவறாது அடைவது?

தச்சன் ஒருவன் இரண்டு பலகைகளைப் பொருத்தும்போது மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆணி மறுபுறம் வெளிப்பட்டால் பிடுங்கிவிட்டு வேறிடத்தில் அடிக்கலாம். சத்திர வைத்தியருக்கு அந்த வசதி இல்லை. இலண்டனில் ஆபத்நொற் லேன் என்பவர் 1890களில் முறிந்த என்புகளை உருக்குத் திருகாணிகளால் இணைக்கத் தொடங்கினார். பெல்ஜியத்தின் அன்ற்வேப் நகரிலே அல்பின் லம்பொற் இக்கலையை மேலும் வளர்த்தார். தம் கருவிகள் பலவற்றைத் தாமே வடிவமைத்த இவர் ஓய்வு நேரத்தில் வயலின் செய்பவர் என்பது ஓர் இனிய செய்தி. ஆனால் இவ்விருவரும் பெரும்பாலும் முறிவைத் திறந்து, கண்ணாற் கண்டே வேலை செய்தனர். கண்ணாற் காண முடியாத இடங்களில் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அவ்விடங்களுள் முதன்மையானது தொடையென்பின் கழுத்து. நம்மூர்களில் முதியவர் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால், பெரும்பாலும் முறிவது இதுவே. இடுப்பு மூட்டின் கிண்ணத்தினுள்ளே சுழலும் உருண்டையான தலையையும், கீழே நீளும் தண்டையும் இணைக்கின்ற குறுகிய பாலம் இக்கழுத்து. முற்காலத்தில் இது முறிந்தவரை மாதக்கணக்கிற் படுக்கையில் கிடத்துவதும், இடுப்பிலிருந்து பாதம்வரை பாரிசுச் சாந்தினாற் கட்டுவதுமே வழக்கம். முறிவு கொல்லாவிடினும் படுக்கை கொல்லும். நுரையீரலிற் சளி கட்டும். முதுகிற் படுக்கைப் புண் குழிவிழும். கால் நாளத்திற் குருதி உறைந்து நெஞ்சுக்கு ஏறும். ‘விழுந்தார், படுத்தார், போனார்’ என்று மூன்று சொற்களிற் கதை முடிந்த குடும்பங்கள் பல. ஆகவே அந்தக் கழுத்தினூடாக ஓர் உலோகத்தைச் சரியாகச் செலுத்தி முதியவரை எழுப்பி உட்காரவைக்க முடியுமா என்பது உயிரைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது.

இதற்கு விடையின் முதற்பாதி ஜேர்மனியிலிருந்து வந்தது. 1895 நவம்பர் 8ஆம் திகதி வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். அவர் மனைவியின் கைவிரல் என்புகளும் மோதிரமும் தெரியும் படம் உலகெங்கும் பரவியது. இரண்டு மாதங்கூடச் செல்லவில்லை. 1896 பெப்ரவரி 14ஆம் திகதி, இங்கிலாந்தின் பேர்மிங்காமில் ஜோன் ஹோல்-எட்வேட்ஸ் எடுத்த கதிர்ப்படமொன்றை வழிகாட்டியாகக் கொண்டு சத்திர சிகிச்சை நடந்தது. கார்பீல்ட் பதினைந்து ஆண்டு பிந்திச் சுடப்பட்டிருந்தால் குண்டு எப்பக்கம் என்ற சர்ச்சையே எழுந்திராது.

எனினும் கதிர்ப்படம் ஒரு நிழல் மட்டுமே. நிழலிலே நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. விளக்கின் முன்னே நீங்கள் கையைப் பிடித்தால், சுவரில் விழும் நிழலைக் கொண்டு கை சுவரிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றது என்று ஒருவராற் சொல்ல முடியுமா? இக்குறையை நீக்கியவர்களுள் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மக்கென்சி டேவிட்சன் முக்கியமானவர். 1898இல் அவர் வெளியிட்ட முறை வெகு எளிது. ஒரே தட்டில், கதிர்க்குழாயை இரண்டு இடங்களில் வைத்து இரண்டு முறை படம் பிடித்தார். குண்டின் நிழல் இரண்டு இடங்களில் விழுந்தது. பின்னர் குழாய் இருந்த இரண்டு இடங்களிலிருந்தும் அந்தந்த நிழலுக்கு ஒவ்வொரு நூல் கட்டினார். நூல்கள் இரண்டும் எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றனவோ அங்கேதான் குண்டு! நில அளவையாளர் இரண்டு மலையுச்சிகளிலிருந்து நோக்கி மூன்றாவது ஊரின் இடத்தைக் குறிக்கும் அதே கணக்கு. இந்த இரண்டு நூல்களை நேயர்கள் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகின்றேன். நூறாண்டு கழித்து அவை வேறொரு கோலத்தில் மீண்டும் வரும்.

விடையின் மறுபாதி உலோகத்தைப் பற்றியது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் பணிபுரிந்த ஸ்மித்-பீற்றர்சன் என்பவர், மூன்று இதழ்களையுடைய உருக்கு ஆணியொன்றை அமைத்து, 1925இல் முதன்முதலாகத் தொடையென்புக் கழுத்தினுள் அடித்தார். ஆணியின் மூன்று இதழ்களும் தலையைச் சுழலவிடாது பற்றின. ஆனால் அவர் மூட்டையே திறந்து, முறிவைக் கண்ணாற் பார்த்துச் செய்தார். வலுவிழந்த முதியவருக்கு அது பெரிய சிகிச்சை.

1932இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்வென் யொஹான்சன் வெளியிட்ட திருத்தம், என் எண்ணத்தில், இக்கதை முழுவதிலும் மிகப் புத்திசாலித்தனமானது. ஆணியின் நடுவே நெடுக ஒரு துளையை அமைத்தார். முதலிலே மெல்லிய கம்பியொன்றைத் தொடையின் வெளிப்புறத்திலிருந்து கழுத்தினூடாகச் செலுத்துவார், கதிர்ப்படம் எடுப்பார். கம்பி தவறாகச் சென்றிருந்தால் உருவிவிட்டு மறுமுறை செலுத்துவார். மெல்லிய கம்பியாகையால் என்புக்குப் பெருஞ்சேதமில்லை. கம்பி சரியான வழியில் நின்றபின், துளையுள்ள ஆணியை அதன்மேற் கோத்து அடித்துவிடுவார். ஒற்றனை முன்னே அனுப்பி வழியறிந்து, பின்னே படையை நடத்தும் அரசனின் தந்திரம் இது. மூட்டைத் திறக்கவேண்டிய அவசியம் நீங்கியது. இன்றைக்கும் உலகெங்கும் முறிவுகளில் வைக்கப்படும் துளைத் திருகாணிகள் வழிகாட்டிக் கம்பியின்மேலேயே ஏறிச் செல்கின்றன.

ஆயினும் அக்காலத்துச் சத்திரசாலையைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவாருங்கள். கம்பி செலுத்தப்படும், எல்லோரும் கையைக் கட்டி நிற்பர். முன்பக்கமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். தட்டுகளை இருட்டறைக்குக் கொண்டோடி, மருந்து நீரிற் கழுவி, நீர் சொட்டச் சொட்ட வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பர். ‘சற்றே மேலே போய்விட்டது’ என்பார் வைத்தியர். மீண்டும் கம்பி, மீண்டும் இருட்டறை. நோயாளியோ மயக்க மருந்தின் பிடியிற் கிடப்பார். ஒவ்வொரு படமும் நிமிடங்களைத் தின்னும்.

படம் பிடிக்காமலே, ஒளிரும் திரையில் நேரே பார்க்கலாகாதா என்று கேட்கலாம். பார்த்தார்கள். திரையின் ஒளியோ மின்மினியின் ஒளியிலும் மங்கல். கண்ணை இருளுக்குப் பழக்குவதற்கு வைத்தியர் இருட்டில் இருபது முப்பது நிமிடம் காத்திருக்கவேண்டும். 1916இல் ட்ரெண்டலென்பேர்க் என்ற ஜேர்மனியர் சிவப்புக் கண்ணாடியைப் புகுத்தியபின், அதை அணிந்துகொண்டு வெளிச்சத்தில் நடமாடியே கண்ணைப் பழக்கினர். இடர் அதுவன்று. கதிரின் வழியிலே வைத்தியர்களின் கைகள் இருந்தன. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்க்குழாய்களைச் சோதிப்பதற்குத் தம் கையையே பிடித்துப் பார்த்துவந்தார்; இரண்டு கைகளையும் இழந்து 1904இல் இறந்தார். நான் முன்னே சொன்ன ஹோல்-எட்வேட்ஸின் இடக்கை 1908இல் வெட்டி அகற்றப்பட்டது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே, ஒரு வைத்தியசாலையின் தோட்டத்தில், கதிரினால் மாண்ட வைத்தியர்க்கும் விஞ்ஞானிகட்கும் 1936இல் நினைவுக்கல் நாட்டியபோது அதிற் பொறித்த பெயர்கள் 169. பிறர் உடலுக்குள் வழி கண்டவர்கள் அந்த வழிக்குத் தம் கைகளையும் உயிரையும் கூலியாகக் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இதற்கு ஒரு விடிவு வந்தது. மங்கிய திரையின் ஒளியை மின்முறையினாற் பல மடங்கு பெருக்கும் குழாய் ஆக்கப்பட்டது. கதிர்க்குழாயை ஒரு முனையிலும் இக்குழாயை மறுமுனையிலும் தாங்கிய வளைந்த கையொன்றை, 1955இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டனர். ஆங்கில எழுத்தாகிய ‘சீ’யின் உருவில் வளைந்திருப்பதால் அதனைச் சீ-வளைவு என்பர். படுத்திருக்கும் நோயாளியைச் சுற்றி அதனை முன்னும் பக்கமுமாகத் திருப்பலாம்; படம் அக்கணமே திரையிற் தோன்றும். இருட்டறைக்கு ஓடவேண்டியதில்லை. இன்றைய நாளிலும் என்புச் சத்திரசாலையொன்றின் அன்றாட வழிகாட்டி இந்த வளைவுதான். பின்னே நான் சொல்லப்போகும் புதுமைகள் எவையும் அதன் இடத்தை முற்றாகப் பிடித்துவிடவில்லை.

திருகாணி சில மில்லிமீற்றர் விலகினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு எண்களாலேயே விடை கிடைத்தது 1995இல். அமெரிக்காவிற் போம்கேட்னர் என்பவரும் தோழர்களும் இடுப்பு முறிவுகள் 198இனை ஆராய்ந்தனர். திருகாணியின் நுனிக்கும் தொடையென்புத் தலையின் உச்சிக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்படத்திலும் பக்கப்படத்திலும் அளந்து, இரண்டையும் கூட்டினார்கள். அத்தொகை 25 மில்லிமீற்றருக்கு மேற்படாதவர்களுள் ஒருவருக்கேனும் திருகாணி தலையைக் கிழித்துக்கொண்டு வெளிவரவில்லை. கிழித்து வெளிவந்தவை யாவும் அந்த எல்லையைக் கடந்தவர்களிடமே. என்பு மென்மையா கடினமா என்பது வைத்தியரின் கையில் இல்லை. திருகாணியை எங்கே வைப்பது என்பது அவர் கையில் உண்டு. விழுந்த முதியவர் மறுபடி நடப்பாரா, இரண்டாம் முறையும் கத்திக்கு உடன்படுவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த 25 மில்லிமீற்றர்.

இனி வேறொரு புதிருக்கு வருவோம். ஜேர்மனியின் கீல் நகரத்தவரான கூன்ற்ஷர் 1939இல், முறிந்த தொடையென்பின் நடுக்குழலினுள்ளே நீண்ட ஆணியொன்றை மேலிருந்து கீழாகச் செலுத்தினார். போர் முடிந்து சிறைமீண்ட அமெரிக்க வீரர் சிலரின் தொடைகளுள் இருந்த அவ்வாணியைக் கதிர்ப்படத்திற் கண்டு அவர்நாட்டு வைத்தியர் வியந்தனராம். நொறுங்கிய முறிவுகளிலோ, என்பு அவ்வாணியைச் சுற்றித் திரும்பியது. அல்லது வழுக்கிக் குறுகியது. ஆகவே ஆணியின் இரு முனைகளிலும் குறுக்கே துளையிட்டு, என்பையும் ஆணியையும் ஊடுருவித் திருகாணி பூட்டும் முறை 1970களில் ஜேர்மனியிலும் பிரான்சிலும் வளர்ந்தது.

மேல்முனைத் துளைக்குத் திருகாணி பூட்டுவது எளிது. ஆணியைப் பிடித்திருக்கும் கைப்பிடியிலேயே அளவுச்சட்டம் ஒன்றைப் பொருத்தலாம். கீழ்முனைத் துளையோ தொடையின் மறுகோடியில், என்பினுள்ளே ஒளிந்திருக்கின்றது. தொடையென்பு நேரானதன்று, ஆணி உட்செல்லும்போது சற்றே வளையும், முறுகும். மேலே பொருத்திய சட்டம் கீழே பொய் சொல்லும். இதற்கு வைத்தியர் கண்ட உபாயம் வடிவானது. சீ-வளைவை மெல்ல மெல்லச் சரித்துக்கொண்டே பார்ப்பார்கள். துளை முதலில் முட்டைவடிவமாகத் தெரியும். வளைவின் கதிர் துளையின் அச்சோடு சரியாக ஒன்றுபட்ட கணத்தில் அது பூரண வட்டமாகிவிடும். அவ்வட்டத்தின் மையத்தில் துரப்பணத்தின் நுனியை வைத்து, கதிரின் வழியே நேராகத் துளைத்தாற் போதும். சொல்வது எளிது, செய்யும்போது கை நடுங்கும், நுனி வழுக்கும், மறுபடி ஒரு படம், மறுபடி ஒரு படம். வைத்தியரின் கை திரும்பவும் கதிருக்கு அருகே வந்துவிட்டது. ஹம்பேர்க் நினைவுக்கல்லை அறிந்தவர்க்கு இது கவலை தராமல் இருக்குமா?

முள்ளந்தண்டிலோ இடர் நோயாளிக்கே நேரானது. பாரிஸ் நகரத்து றோய்-கமீல் 1963இல், முள்ளென்பின் பின்புறத்திலிருந்து முன்புற உடலுக்குச் செல்லும் குறுகிய காம்பினூடாகத் திருகாணி செலுத்தும் முறையைத் தொடங்கினார். முறிந்த முள்ளந்தண்டை நிமிர்த்திப் பிடிக்க இதனினும் உறுதியான வழி இல்லை. ஆனால் காம்பின் உட்புறத்தில் முண்ணாண். கீழ்ப்புறத்தில் நரம்பு வேர். நாரியின் அடியிற் காம்பு அகன்றிருக்கும். நடுமார்பிலோ சிலருக்கு அது 5 மில்லிமீற்றர் அகலங்கூட இராது. செல்லவேண்டிய திருகாணியும் ஏறத்தாழ அவ்வளவே. வைத்தியர் விரலின் உணர்ச்சியையும், காலங்காலமாகக் கற்ற அடையாளங்களையும், சீ-வளைவின் நிழலையும் நம்பினார். பெரும்பாலும் நம்பிக்கை பொய்க்கவில்லை. பொய்த்தபோது ஒருவர் கால் உணர்ச்சியிழந்து விழித்தெழுந்தார்.

இங்கேதான் மூளைச் சத்திர வைத்தியர்கள் ஒரு பழைய எண்ணத்தைக் கொண்டு வருகின்றனர். இலண்டனில் ஹோஸ்லியும் கிளார்க்கும் 1908இல், விலங்கின் மண்டையோட்டிற் பொருத்தும் சட்டமொன்றை வெளியிட்டனர். மூளையின் எந்தப் புள்ளியையும் மூன்று எண்களாற் குறித்து, ஊசியை அங்கே செலுத்தலாம். 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிசும் இதனை மனிதருக்குப் பயன்படுத்தினர். 1971 ஒக்டோபரில் ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் குறுக்குவெட்டுப் படமுறை இலண்டனில் முதல் நோயாளியிற் பயன்பட்டபின், உடலின் உள்ளமைப்பு முழுவதும் எண்களாகவே கைக்கு வந்தது. ஆனால் மண்டையோட்டிற் சட்டம் மாட்டலாம். தொடையிலும் முதுகிலும் எப்படி மாட்டுவது? 1986இல் அமெரிக்காவில் டேவிட் றொபேட்ஸ் குழுவினர் சட்டத்தையே விட்டொழித்தனர். கருவியிற் பொருத்திய சிறு பொறிகள் ஒலி எழுப்ப, ஒலிவாங்கிகள் அவ்வொலி வந்துசேரும் நேரத்தை அளந்து, கருவி வெளியில் எங்கே இருக்கின்றது என்று கணினி கணித்தது.

பின்னர் ஒலிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிர் வந்தது. சத்திரசாலையின் ஒரு மூலையில் இரண்டு கமராக்கள் நிற்கும். வைத்தியரின் துரப்பணத்திலும், நோயாளியின் என்பில் இறுகப் பூட்டிய சிறு சட்டத்திலும் ஒளியைத் திருப்பியனுப்பும் உருண்டைகள் இருக்கும். இரண்டு கமராக்களிலிருந்தும் ஒவ்வோர் உருண்டைக்கும் ஒவ்வொரு கோடு. கோடுகள் வெட்டுமிடத்தில் உருண்டை. மக்கென்சி டேவிட்சனின் இரண்டு நூல்களை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? இவை அவையே. நூலுக்குப் பதில் ஒளி. முழக்கோலுக்குப் பதில் கணினி. என்பு அசைந்தாலும் அதிற் பூட்டிய சட்டமும் உடன் அசைவதால் கணக்குப் பிசகுவதில்லை. துரப்பணத்தின் நுனி என்பினுள்ளே எங்கே நிற்கின்றது, இதே திசையிற் சென்றால் எங்கே போய்ச் சேரும் என்பதை வைத்தியர் திரையிற் காண்பார்.

1990களின் நடுவிலே சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலும் வட அமெரிக்காவிலும் இம்முறை முள்ளந்தண்டுக்கு வந்தது. பின்லாந்தில் லைனேயும் தோழர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூறு நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்துப் பார்த்தது. பழைய முறையிற் செலுத்திய திருகாணிகளில் நூற்றுக்கு 13.4 காம்பின் சுவரைத் துளைத்திருந்தன. கணினி வழிகாட்டியவற்றில் 4.6 மட்டுமே. துளைத்தவை யாவும் நோயாளிக்குத் தீங்கு செய்தன என்று கொள்ளலாகாது. ஆனால் தீங்குக்கு அருகிற் சென்றன.

முறிவுச் சிகிச்சை இதிற் பிந்தியமைக்குக் காரணம் உண்டு. குறுக்குவெட்டுப் படம் சிகிச்சைக்கு முந்திய நாளில் எடுக்கப்படுவது. வைத்தியர் மறுநாள் செய்யும் முதற் காரியமோ, விலகிய துண்டுகளை இழுத்துப் பொருத்துவது. பொருத்திய கணமே நேற்றைய தேசப்படம் இன்றைய தேசத்துக்கு ஆகாது! ஆகவே துண்டுகளைப் பொருத்தியபின், சத்திர மேசையிலேயே படம் எடுக்கவேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி இருவழிகள் பிறந்தன. சீ-வளைவின் சில படங்களைக் கணினியில் இருத்தி, கதிரை நிறுத்திவிட்டு, அப்படங்களின்மேற் கருவியின் நிழலைக் கணினியே வரைவது ஒன்று. வளைவு தானே சுமார் 190 பாகை சுழன்று பல படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் சமைப்பது மற்றொன்று. படமெடுக்கும்போது வைத்தியரும் தாதியரும் விலகி நிற்கலாம்.

இதனாற் பெரும்பயன் பெற்றது இடுப்பு வளையத்தின் பின்புற முறிவு. வீதி விபத்துகளிலும் உயரத்திலிருந்து விழுந்தவரிடத்தும் காண்பது அது. இடுப்பின் பக்கவாட்டிற் சிறு கீறலினூடாகத் திருகாணியொன்று திருவென்பின் உடலை அடையவேண்டும். மேலும் முன்னும் ஒரு நரம்பு வேர், கீழே மற்றொன்று, அருகிற் பெருங்குருதிக் குழாய்கள். 80 மில்லிமீற்றர் செல்லும் திருகாணி புறப்படும்போது 4 பாகை பிசகினால், போய்ச்சேரும்போது நுனி ஐந்தரை மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருக்கும். அவ்வளவு விலகலுக்கு அங்கே இடமில்லை.

இயந்திரத்தைப் போற்றும் உற்சாகத்தில் அதன் பிழைகளை மறைத்தல் நேர்மையன்று. கமராவுக்கும் உருண்டைக்கும் இடையில் ஒருவர் தோள் வந்தால் வழிகாட்டி குருடாகும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். பொல்லாத பிழை வேறொன்று. என்பிற் பூட்டிய சட்டத்தை ஒருவர் முழங்கை சற்றே தட்டி அது இடம்பெயர்ந்தால், திரை முன்போலவே தெளிவாக, உறுதியாக, தவறான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ளவர்கள் அடிக்கடி துரப்பணத்தின் நுனியை, தாம் நேரே அறிந்த ஓர் என்புமுனையில் வைத்து, திரையும் அதையே சொல்கின்றதா என்று சரிபார்ப்பது இதற்காகவே. கார்பீல்டின் தலைமை வைத்தியர் வலப்பக்கத்தை நம்பியதுபோல எவரும் திரையை நம்பிவிடலாகாது அல்லவா? செலவும் பெரிது. படம் மிகுந்தால் நோயாளிக்குக் கதிர் மிகும். சாதாரண இடுப்பு முறிவுக்கு, கைதேர்ந்த வைத்தியரிடம் வழிகாட்டிக் கம்பியும் சீ-வளைவும் இருந்தாற் போதும் என்பதே என் துணிபு. இடுப்பு வளையத்திலும் மார்பு முள்ளென்பிலும் அப்படிச் சொல்லத் துணியேன்.

தொடையின் கீழ்முனைத் துளை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டை ஒட்டி அதற்கென ஒரு கருவி வழக்கத்துக்கு வந்தது. மெல்லிய உணரியொன்றை ஆணியின் குழலினுள்ளே துளைவரை இறக்குவார்கள். வைத்தியர் கையிலுள்ள கருவி சுற்றிலும் மின்காந்தப் புலமொன்றை எழுப்பும். புலத்திலே உணரி இருக்கும் இடத்தைக் கணித்து, துளையையும் துரப்பணத்தையும் இரண்டு வட்டங்களாகக் கணினி திரையிற் காட்டும். வட்டங்கள் ஒன்றின்மேலொன்று பொருந்தும்போது துளைத்தாற் போதும். கதிரே வேண்டியதில்லை, கை கதிரிற் படுவதுமில்லை. கம்பிச் சுருளும் மின்னோட்டமும் கொண்டு உடலுக்குள் ஓர் உலோகத்தின் இடத்தைத் தேடும் வேலை, 1881இல் பெல் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கின்றது. இக்கருவியைப் பயன்படுத்துவோர் தொடங்குமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். புலத்தைக் குலைக்கக்கூடிய இரும்பும் உருக்கும் நோயாளியின் காலருகே கிடக்கின்றனவா என்று மேசையின் மேலும் கீழும் பார்த்து, இருந்தால் அப்புறப்படுத்தவேண்டும்.